நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்: மருந்து ஏன் 28 நாள், உண்ணி ஏன் சுவரில்?

நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த நாய் ஒரு நாள் களியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். தொட்டால் காது சுடும். ஒரு ஊசி போட்டோ, போடாமலேயோ சில நாளில் எழுந்து பழையபடி வாலாட்டும். ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் அதே நாயின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டும். ‘வெயில் சூடு’ என்பார் ஒருவர். ‘யாரோ கல்லால அடிச்சிருக்காங்க’ என்பார் இன்னொருவர். மாந்தோப்புக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் வீட்டு வாசலுக்குமாக நாய் வளர்க்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்த இரண்டையும் தனித்தனிச் சங்கதியாகப் பார்ப்பதுதான் வழக்கம். பல நாய்களில் இவை ஒரே நோயின் தொடக்கமும் முடிவும்தான். நடுவில் இருந்த அந்த ஆறு மாதமும் நோய் போகவில்லை, வெளியே தெரியாமல் இருந்தது.

நோயின் பெயர் எர்லிக்கியோசிஸ். காரணம் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா. கொண்டுவந்து சேர்ப்பது பழுப்பு நிற நாய் உண்ணி. 1935-ல் அல்ஜீரியாவில் முதன்முதலில் இதை அடையாளம் கண்டார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் நூற்றுக்கணக்கில் ரத்தம் கசிந்து இறந்த பிறகுதான் உலகம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் ஷெப்பர்டு இனத்தை இது மற்ற நாய்களைவிட மோசமாகத் தாக்குகிறது. ஆஸ்திரேலியா 2020 வரை இந்த நோய் இல்லாத நாடாக இருந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே உண்ணி கடித்த நாய் என்றாலே இந்தச் சந்தேகம் வந்தாக வேண்டும்.

கிருமி ஒளிந்திருக்கும் இடம்

ரத்த வெள்ளையணுக்களில் மோனோசைட் என்று ஒரு வகை உண்டு. உள்ளே வரும் கிருமிகளை விழுங்கிச் செரிப்பது அதன் வேலை. எர்லிக்கியா அந்த அணுவுக்குள்ளேயே புகுந்து, செரிக்கப்படாமல் அங்கேயே பெருகுகிறது. மோனோசைட் மண்ணீரல், கல்லீரல், நிணநீர்க் கட்டிகள் என்று எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கிருமியும் போகிறது. மண்ணீரல் வீங்குவதும், தாடைக்கடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கட்டிகள் தட்டுப்படுவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே தெரிந்துகொண்டால் பின்னால் மருந்து பற்றிய பகுதி எளிதாகப் புரியும். நாம் அடிக்கடி கேள்விப்படும் அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் மேல்சுவரைக் கட்டவிடாமல் செய்து கொல்பவை. எர்லிக்கியாவுக்கு அந்தச் சுவரே கிடையாது. அதனால் ‘மூணு நாள் ஊசி போட்டோம், கேக்கல’ என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஊசி எர்லிக்கியாவைத் தொடுவதே இல்லை.

இதே குடும்பத்தில் அனாப்ளாஸ்மா பிளாட்டிஸ் என்று இன்னொரு பாக்டீரியா இருக்கிறது. அது நேராக, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள், அதாவது பிளேட்லெட்டுகளுக்குள் நுழைகிறது. பிளேட்லெட் எண்ணிக்கை சரிந்து, ஏறி, மறுபடி ஒன்றிரண்டு வாரத்தில் சரியும். ஏறியிருக்கும் நாளில் ரத்தம் எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே அறிக்கை வரும். தனியாக வந்தால் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். எர்லிக்கியாவோடு சேர்ந்து வந்தால் தொல்லை.

பபேசியா என்ற பெயரும் காதில் விழும். அதையும் உண்ணிதான் கடத்துகிறது, ஆனால் அது பாக்டீரியா அல்ல. சிவப்பணுக்களை உடைக்கும் ஓரணு ஒட்டுண்ணி. ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் முதலில் அதை நினைக்க வேண்டும். மருந்தும் வேறு. ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்தே இருப்பது இங்கே சகஜம் என்பதால், எர்லிக்கியா மருந்து கொடுத்தும் நாய் தேறவில்லை என்றால் மருத்துவர் பபேசியாவைத் தேடுவார்.

மூன்று கட்டம்

உண்ணி கடித்து 8 முதல் 20 நாளுக்குள் முதல் கட்டம் தொடங்குகிறது. காய்ச்சல், சோர்வு, தீனி எடுக்காமை, கண்ணிலும் மூக்கிலும் நீர், சில நாய்களுக்கு நொண்டல். 2 முதல் 4 வாரம் இது நீடிக்கும். கடித்த உண்ணி இதற்குள் ரத்தம் குடித்துக் கீழே விழுந்து போயிருக்கும். ‘எங்க நாய் மேல உண்ணியே இல்லையே’ என்று மருத்துவரிடம் உறுதியாகச் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் அதனால் நோய் இல்லை என்றாகிவிடாது. போன மாதம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

வீட்டிலேயே காய்ச்சல் பார்க்கலாம். மூக்கு ஈரமா காய்ந்திருக்கிறதா என்பதை நம்ப வேண்டாம். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் வைத்து, பீப் சத்தம் வரும்வரை பிடித்திருங்கள். 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் நாய்க்கு இயல்பான சூடு. ஓடியாடாமல் நிழலில் படுத்திருக்கும் நாய்க்கு 103.5-க்கு மேல் காட்டினால் காய்ச்சல்தான். அந்தத் தெர்மாமீட்டரை நாய்க்கென்றே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாம் கட்டம் அமைதியானது. வைத்தியம் இல்லாமலோ அரைகுறை வைத்தியத்தோடோ நாய் எழுந்துவிடும். நன்றாகச் சாப்பிடும், குரைக்கும். உள்ளே கிருமி மண்ணீரலில் உட்கார்ந்திருக்கும். ரத்தம் பார்த்தால் பிளேட்லெட் கொஞ்சம் குறைந்திருப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் இப்படியே போகும். சில நாய்கள் இந்தக் கட்டத்தில் தாமாகவே கிருமியை ஒழித்துக்கொள்வதும் உண்டு. எந்த நாய் ஒழிக்கும், எது ஒழிக்காது என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது.

ஒழிக்காத நாய்களில் சில மூன்றாம் கட்டத்துக்குப் போகின்றன. இங்கே ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே செயலிழக்கிறது. சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் ஒருசேரக் குறையும். மூக்கில் ரத்தம், வயிற்றுத்தோலில் சிவப்புப் புள்ளிகள், கறுத்த மலம், வெளுத்த ஈறு, எலும்பு தெரிய இளைப்பு, பின்னங்கால் வீக்கம், கண்ணில் நீலம் பாய்ந்தது போன்ற மங்கல். முதல் கட்டத்தில் மாத்திரையிலேயே தேறக்கூடிய நோய், இங்கே வந்தபின் ரத்தம் ஏற்றினாலும் தேறுவது கடினம். இந்த நோயில் நாயைக் காப்பாற்றுவது எது என்று கேட்டால், விலை உயர்ந்த மருந்தைவிட, முதல் காய்ச்சலிலேயே ரத்தம் எடுத்துப் பார்ப்பதைத்தான் சொல்வோம்.

மூக்கில் ரத்தம் வந்தாலே எர்லிக்கியா என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. வயலில் வைத்த எலி மருந்தைத் தின்ற நாய்க்கும், கண்ணாடி விரியன் கடித்த நாய்க்கும் ரத்தம் உறையாமல் கசியும். பாம்புக்கடியில் கடிவாய் சட்டென்று வீங்கும், எல்லாம் மணிக்கணக்கில் நடக்கும். எதுவாக இருந்தாலும் மூக்கில் துணி திணிக்காதீர்கள். நாயை ஓடவிடாமல் அமைதியாக வைத்து, மூக்கின் மேல்தண்டில் குளிர்ந்த ஈரத்துணி போட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ரத்தப் பரிசோதனையில் என்ன பார்க்க வேண்டும்

முதல் பரிசோதனை பிளேட்லெட் எண்ணிக்கை. ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். காய்ச்சலோடு 1 லட்சத்துக்குக் கீழே வந்தால் உண்ணிக் காய்ச்சல் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இந்த எண் ஏமாற்றும். நாயின் பிளேட்லெட் குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. ஒட்டிய கும்பலை எந்திரம் எண்ணாது. மனிதர்களுக்கான லேபில், மனித ரத்தத்துக்கு அமைத்த எந்திரத்தில் கொடுத்தால் 30 ஆயிரம் என்று பயமுறுத்தும் எண் வரலாம். அதனால் எண்ணோடு ஒரு கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு எடுத்து, நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. தாமதமும் நல்லதல்ல.

அதே ரத்தப் பூச்சில் மோனோசைட்டுக்குள் கிருமிக் கொத்து கண்ணில் பட்டால் நோய் உறுதி. ஆனால் நோயுள்ள நாய்களிலும் மிகச் சிலவற்றில்தான் அது தெரியும். காது நுனியில் ஊசியால் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தில் தேடினால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். பூச்சில் தெரியவில்லை என்பதை நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் கோடு காட்டும் கிட். அது தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளை. கடித்து இரண்டு மூன்று வாரம் ஆகாமல் அது போதிய அளவு உருவாகாது. எனவே காய்ச்சலின் முதல் வாரத்தில் ‘நெகட்டிவ்’ வந்தாலும் நம்பிவிட முடியாது. இன்னொரு பக்கம், நோய் முழுதாகக் குணமான பிறகும் பல மாதம், சில நாய்களில் வருடக்கணக்கில் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். அதைப் பார்த்து நன்றாக இருக்கும் நாய்க்கு மறுபடி மறுபடி ஒரு மாதம் மருந்து கொடுப்பது நடக்கிறது. வீண் வேலை. குணமாயிற்றா என்பதைப் பிளேட்லெட் எண்ணிக்கையும் நாயின் நிலையும்தான் சொல்லும். மேலும் உறுதி வேண்டுமென்றால் கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை இருக்கிறது. அந்த வசதிக்குத் தருமபுரிப் பக்கத்தார் நாமக்கல் அல்லது தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்டுப் பார்க்கலாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாள் கல்லூரி பக்கம்.

டாக்சிசைக்ளின், 28 நாள்

எர்லிக்கியாவுக்கும் அனாப்ளாஸ்மாவுக்கும் முதன்மை மருந்து டாக்சிசைக்ளின். நாயின் எடையில் கிலோவுக்கு 10 மி.கி., நாளைக்கு ஒருமுறை. வயிறு தாங்காத நாய்க்கு அதையே 5 மி.கி. வீதம் காலை, இரவு என்று பிரிப்பார்கள். 20 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு 200 மி.கி. என்று வரும், 100 மி.கி. மாத்திரையில் ஒரே வேளையாக இரண்டு, அல்லது காலை ஒன்று, இரவு ஒன்று. அளவு எடையைப் பொறுத்தது என்பதால் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். பெரிய நாய் என்றால் மாங்காய் மண்டித் தராசு இருக்கவே இருக்கிறது. சினை நாய், குட்டி, ஈரல் கோளாறு உள்ள நாய் என்றால் மருத்துவர் சொல்லும் அளவுதான்.

மருந்து வேலை செய்கிறதா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். முதல் கட்ட நோயில் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் நாய் தலை தூக்கும், தீனி எடுக்கும். ஒரு வாரத்தில் பிளேட்லெட் ஏறத் தொடங்கும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐந்தாம் நாள் நாய் கோழியைத் துரத்துகிறது, மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது. டாக்சிசைக்ளின் கிருமியை அடித்துக் கொல்லும் மருந்து அல்ல. அது பெருகவிடாமல் நிறுத்தும். நின்றுபோன கிருமியை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்க வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். அதற்குத்தான் 28 நாள். ஐந்தாம் நாள் நிறுத்திய நாய் மேலே சொன்ன அமைதியான இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது.

மாத்திரை கொடுக்கும் முறையில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, வெறும் வயிற்றில் கொடுப்பது. வாந்தி வரும், அடுத்த நாள் மாத்திரையைக் கண்டாலே நாய் ஓடும். தண்ணீரில்லாமல் உலர்ந்தபடியே தொண்டைக்குள் தள்ளினால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். கொடுத்த பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் 5 முதல் 10 மி.லி. தண்ணீரைக் கன்னப் பக்கமாக மெதுவாக விடுங்கள், அல்லது உடனே தீனி வையுங்கள்.

இரண்டாவது தவறு நம் ஊருக்கே உரியது. மாத்திரையை எதில் ஒளித்துக் கொடுப்பது? கைக்கு எட்டுவது களி உருண்டை, இல்லையென்றால் தயிர்சோறு, பால். மூன்றிலுமே கால்சியம் அதிகம். 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. டாக்சிசைக்ளின் சேர்ந்திருக்கும் டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள் கால்சியத்தோடு பிணைந்து, ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். பழைய டெட்ராசைக்ளின் அளவுக்கு டாக்சிசைக்ளின் பாதிக்கப்படுவதில்லை என்றாலும், 28 நாளும் களியில் வைத்தே கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பானேன்? அவித்த முட்டைத் துண்டு, கோழி ஈரல், வெறும் சோற்று உருண்டை, இவற்றில் ஒன்றில் வையுங்கள். களி, பால், தயிர் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடலாம். ரத்தம் ஊற என்று எழுதித் தரும் இரும்புச்சத்து டானிக்குக்கும் இதே விதிதான். அது கால்சியத்தைவிடக் கெட்டியாக இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் மாத்திரை, மதியம் டானிக் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

‘ஒரே ஊசியில் சரியாகிவிடும்’ என்று இமிடோகார்ப் போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அது பபேசியாவின் சில வகைகளுக்கான மருந்து. எர்லிக்கியாவை அது ஒழிப்பதில்லை. என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் எர்லிக்கியாவை ஒழிப்பதில்லை. காய்ச்சல் குறைய மனிதர் மாத்திரை கொடுப்பது இதைவிட மோசம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் இவை நாயின் வயிற்றில் புண்ணாக்கும். பிளேட்லெட் ஏற்கெனவே சரிந்திருக்கும் நாய்க்கு அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் நிற்காது. பாராசிட்டமாலும் அளவு தப்பினால் ஈரலைக் கெடுக்கும்.

மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருமுறை பிளேட்லெட் பாருங்கள். இந்த நோய்க்கு நம் ஊரில் தடுப்பூசி கிடையாது. ஆண்டுதோறும் போடும் ‘ஏழு சேர்ந்தது’, ‘ஒன்பது சேர்ந்தது’ ஊசிகளில் இது அடங்காது. ஒருமுறை வந்து குணமான நாய்க்கு மறுபடி வராது என்பதும் இல்லை. அடுத்த உண்ணி கடித்தால் அடுத்த நோய்.

உண்ணியைப் பிடிக்க வேண்டிய இடம்

மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் ஒன்றல்ல. மாட்டில் அதிகம் காணும் வகை, குஞ்சாக ஏறியதிலிருந்து முதிரும்வரை அதே மாட்டின் மேலேயே இருக்கும். நாய் உண்ணியோ ஒவ்வொரு பருவத்திலும் நாயைவிட்டு இறங்கும். ஆறு கால் குஞ்சு சில நாள் ரத்தம் குடித்து இறங்கி, சந்தில் ஒளிந்து தோலுரித்து, எட்டுக் கால் இளம் உண்ணியாக மறுபடி ஏறும். மறுபடி இறங்கும், உரிக்கும், முதிர்ந்த உண்ணியாக ஏறும். கடைசியில் பெண் உண்ணி ஒன்று முதல் மூன்று வாரம் குடித்து, கொட்டைமுத்து அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஊதிக் கீழே விழுந்து, சந்தில் போய் ஆயிரக்கணக்கில், 4000 வரைகூட முட்டையிட்டுச் சாகும். ஆக, அதன் வாழ்நாளில் பெரும்பகுதி நாய் மேல் கழிவதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் கழிகிறது. நம் கோடை வெப்பத்தில் இந்தச் சுற்று முழுதும் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மற்ற பல உண்ணிகளுக்கு ஈரம் வேண்டும், இதற்கு வறண்ட இடமும் சரிப்படும் என்பதால் தருமபுரி வெயில் இதை ஒன்றும் செய்வதில்லை.

எர்லிக்கியா தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குப் போவதில்லை. குஞ்சு பிறக்கும்போது சுத்தமாகவே பிறக்கிறது. நோயுள்ள நாயைக் கடித்துக் கிருமியை வாங்கிக்கொண்டு, அடுத்த பருவத்தில் அடுத்த நாய்க்குக் கொடுக்கிறது. வாங்கிய கிருமியைச் சந்தில் பட்டினி கிடந்தபடியே ஐந்து மாதம் வரை கடத்தும் தெம்போடு வைத்திருக்கும். ஏறிய உண்ணி கடித்த 3 மணி நேரத்துக்குள்ளேயே கிருமியைக் கடத்த முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரம் ஒருநாள் உட்கார்ந்து பொறுக்குவது மட்டும் ஏன் போதாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பொறுக்கவே வேண்டாம் என்பதல்ல. காதுமடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், விரலிடுக்கு, வாலடி, இமை ஓரம் என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சிமிட்டாவால் உண்ணியின் உடம்பைப் பிடிக்காமல், தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். சோப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ உள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். வாய் நுனி தோலில் நின்றுவிட்டால் சிறு தடிப்பு வந்து தானே போகும், தோண்ட வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுவத்தியால் சுடுவது, புகையிலைத் தண்ணீர் தடவுவது மூன்றும் வேண்டாம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், புகையிலையின் நிக்கோடின் நக்கும் நாய்க்கு விஷம். வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நாய் மேல் போடும் மருந்துகளில் இன்றைக்குக் கைகொடுப்பவை அஃபாக்சோலேனர், ஃப்ளூராலேனர், சாரோலேனர் வகை வாய்வழி மாத்திரைகள். முதலாவதும் மூன்றாவதும் மாதம் ஒன்று, ஃப்ளூராலேனர் ஏறக்குறைய மூன்று மாதம். உண்ணி கடித்த பிறகுதான் சாகும் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் முட்டையிடும் அளவுக்கு ஊதுவதற்குள் செத்துவிடுவதால், சில மாதத்தில் சுவரில் இருக்கும் கூட்டமும் மெலியும். வலிப்பு வரும் நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஃபிப்ரோனில் ஸ்பிரே அடித்தால், அடிப்பதற்கு முன் இரண்டு நாளும் பின் இரண்டு நாளும் குளிப்பாட்டாதீர்கள். அது தோலெண்ணெயில் கலந்து பரவுவது, ஷாம்பு போட்டால் கழுவிக்கொண்டு போய்விடும்.

மாட்டுக்கு வாங்கிய மருந்தையே நாய்க்கும் ஊற்றுவது இங்கே பரவலான பழக்கம். 12.5 சதவீத அமிட்ராஸ் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. என்பதே வழக்கமான அளவு. மூடியால் அளந்து ‘கொஞ்சம் தூக்கலாக’ ஊற்றினால் நாய் தள்ளாடும், வாந்தி எடுக்கும், இதயத் துடிப்பு குறையும். கையுறை போட்டு, அன்றன்றைக்குக் கலக்கி, கண்ணிலும் வாயிலும் படாமல் தடவி, காயும்வரை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னக் குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் கூடாது. மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியை உண்ணிக்கென்று போடுவது அதைவிட ஆபத்து. கோலி என்ற மேய்ச்சல் நாய் இனத்தின் ரத்தம் கலந்த நாய்க்கு அது மூளைக்கு ஏறிக் கோமா வரை கொண்டுபோகும்.

இனி சுவர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் மதில், பூசாத கருங்கல் சுவர், நட்டு வைத்த கல்பலகை வேலி, எல்லாமே இந்த உண்ணிக்கு வசதியான வீடு. இறங்கிய உண்ணி மேல்நோக்கி ஏறும் பழக்கம் உள்ளது. அதனால் தரையைக் கழுவினால் போதாது. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி, ஆள் உயரம் வரைக்கும் சந்துகளைச் சிமெண்ட்டால் அடைத்துவிடுங்கள். மெல்லிய கீறல்களுக்குக் கெட்டியான சுண்ணாம்பு போதும். நாய்க்குப் போட்ட பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கி வெயிலில் போடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். டெல்டாமெத்ரின் போன்ற தெளிப்பு மருந்தை லேபிளில் உள்ள அளவுக்கே கலந்து அடித்து, காயும்வரை நாயை விடாதீர்கள். முட்டையை அது கொல்லாது. பொரிந்து வரும் குஞ்சுகளுக்காக இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி, அதற்குப் பிறகும் ஒருமுறை அடிக்க வேண்டும். ஒரே தெளிப்போடு நிறுத்தியவர்கள்தான் ‘மருந்து டூப்ளிகேட்’ என்று குறைப்படுவார்கள்.

பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளுக்கு இங்கே தனி எச்சரிக்கை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகும் குடும்பங்களில் பலவும் வாசலில் நாய், பின்னால் புழு மனை, பக்கத்தில் மல்பெரித் தோட்டம் என்றுதான் இருக்கின்றன. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் இரண்டும் பட்டுப்புழுவுக்கு அணு அளவிலேயே நஞ்சு. நாய்க் கொட்டகைக்கு அடித்த சாரல் காற்றில் இலை மேல் படிந்தாலோ, நாய்க்குத் தேய்த்த கையோடு இலை பறித்தாலோ ஒரு முழு வளர்ப்பும் போய்விடும். அந்த வீடுகளில் தெளிப்பையும் குளியல் மருந்தையும் விட்டுவிட்டு, நாய்க்கு வாய்வழி மாத்திரையும் சுவருக்குச் சிமெண்ட்டும் என்று போவதே நல்லது. பூனை உள்ள வீட்டிலும் இந்த மருந்துகள் கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு உயிர்க்கொல்லி.

வீட்டாருக்கு ஒட்டுமா என்று கேட்பார்கள். நோயுள்ள நாயைத் தொடுவதாலோ கூடப் படுப்பதாலோ எர்லிக்கியா வராது. ஆனால் இதே நாய் உண்ணி மனிதரைக் கடித்து, உள்ளங்கை, உள்ளங்கால் வரை தடிப்பு வரும் வேறொரு காய்ச்சலை, ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவால் வருவதை, கொடுக்கக்கூடியது. ஊதிய உண்ணியை விரல் நகத்தால் நசுக்காதீர்கள். உண்ணி எடுத்த பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் தடிப்பும் வந்தால், நாய்க்கு உண்ணி இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு நாய்க்கு நோய் உறுதியானால், அதே வாசலில் படுக்கும் மற்ற நாய்கள் நன்றாகவே இருந்தாலும் அவற்றுக்கும் பிளேட்லெட் பாருங்கள். எல்லா நாய்க்கும் ஒரே நாளில் உண்ணி மருந்து தொடங்குங்கள். சோறு வைக்கும் தெரு நாய் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.